நூறாவது திரி: ஜப்பானிய அசைவூட்டுப் படங்களில் அச்சத்தின் வரலாறு

நம் வட்டத்தின் மாதக் கூட்டமொன்று முடிந்து அனைவரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில் இளங்கவிஞர் ஒருவர் என்னிடம் ஒரு வினா எழுப்பினார். "அம்மா, ஜப்பானிய அனிமேக்களில் பேய்ப்படங்கள் என்று பட்டியலிட்டு வைத்திருப்பவற்றுள் இருபதுக்கு மேல் பார்த்துவிட்டேன். குருதி இருக்கிறது, கூச்சல் இருக்கிறது, அச்சம் மட்டும் இல்லை. மனத்தை உண்மையாகவே கலங்க வைக்கும் படத்தை எங்கே தேடுவது?" அருகில் நின்ற மூத்த உறுப்பினர் ஒருவர் சிரித்தார். சிறுவர் பார்க்கும் பொம்மைப் படத்தில் அச்சத்தைத் தேடுவானேன் என்பது அவர் கருத்து. அன்று இருவருக்கும் நான் மறுமொழி கூறவில்லை. பத்தாமாண்டு மலருக்குக் கட்டுரை கேட்கப்பட்டபோது அந்த வினாவே முதலில் நினைவுக்கு வந்தது. இளைஞரின் ஏமாற்றம், முதியவரின் ஏளனம் ஆகிய இரண்டுக்கும் ஒரே வரலாற்றில் விடை இருப்பதாக எண்ணுகிறேன்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்தின் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கினைச் சுட்டுவார். நான்கும் அஞ்சுவோனுக்குப் புறத்தே நிற்பவை. ஆயினும் நான்காவதாகிய இறையச்சத்தில் அஞ்சுவோன் செய்த பிழையும் கலந்திருக்கும். பிழையற்றவன் இறைமுன் நடுங்க வேண்டுவதில்லை. இந்தப் பாகுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜப்பானியர்தம் பேய்க்கதைகளை அணுகினால் ஓர் உண்மை புலனாகும். அவர்கள் அணங்கையும் பிழையையும் பிரிக்கவில்லை. அங்கே பேய் என்பது எவரோ கொடுக்கத் தவறிய கடன்.

இதற்குப் பழைய சான்று ஒரு கவிஞரே ஆவார். சுகவாரா நோ மிச்சிசானே (845-903) சீன மொழிப் புலமையால் பேரரசரின் அவையில் உயர்ந்தவர். எதிரிகளின் சூழ்ச்சியால் 901இல் தொலைவிலுள்ள தசாய்ஃபுவுக்கு அனுப்பப்பட்டு, ஈராண்டில் அங்கேயே மாண்டார். அதன்பின் எதிரிகளின் குடும்பங்களில் சாவுகள் நேர்ந்தன. 930இல் அரண்மனைமீதே இடி வீழ்ந்தது. இறந்த புலவரின் சினமே இது என்று அவை நடுங்கியது. பறித்த பதவி திரும்ப வழங்கப்பட்டது; கியோத்தோ நகரில் கித்தானோவில் கோயில் எழுந்தது. இன்று தேர்வெழுதச் செல்லும் ஜப்பானிய மாணவர் அவரைக் கல்வித் தெய்வமாக வணங்குகின்றனர். அவமதிக்கப்பட்ட கவிஞருக்கு அரசு இத்துணை அஞ்சிய நாடு வேறுண்டா என்பதை நம் உறுப்பினர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

எதோ காலத்தில் (1603-1868) பேய்க்கதை அவையோர் கூடி நிகழ்த்தும் விளையாட்டாயிற்று. நூறு கதைக் கூட்டம் என்பது அதன் பெயர். நிலவற்ற இரவில் நீலத்தாள் ஒட்டிய விளக்கில் நூறு திரிகளை ஏற்றிவைப்பர். ஒருவர் ஒரு கதை சொல்லி முடித்ததும் ஒரு திரி அணைக்கப்படும். கதை வளர வளர அறை இருளும். நூறாவது திரி அணைந்ததும் கதைகளில் கூறப்பட்டது நேரில் வரும் என்பது நம்பிக்கை. அசாய் ரியோய் 1666இல் வெளியிட்ட கதைத் தொகுதியில் இவ்வழக்கம் விவரிக்கப்படுகிறது. தொண்ணூற்றொன்பதோடு எழுந்து போய்விடுவோரே மிகுதி என்பர். இந்த விளையாட்டில் அஞ்சத்தக்க உருவம் எதுவும் காட்டப்படுவதில்லை என்பதைக் கருத வேண்டும். வெளிச்சம் சிறிது சிறிதாகக் குறைக்கப்படுகிறது, அவ்வளவே. பின்வந்த நல்ல படங்கள் எல்லாம் செய்தது இதுவே.

1776ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் சிறப்புடையது. அவ்வாண்டில் தொரியாமா செக்கியேன் பேய் பூதங்களின் வடிவங்களை ஒரு சித்திரக் களஞ்சியமாக வெளியிட்டார். அதே ஆண்டில் உயேதா அக்கினாரியின் 'உகெத்சு மொனொகதாரி' வெளிவந்தது. ஒருவர் பேய்க்கு உருவம் தந்தார். மற்றவர் உருவத்தை மறைத்தார். அக்கினாரியின் கதையொன்றில் கணவன் பொருள் தேடித் தலைநகர் செல்கிறான். போர் மூண்டு வழி அடைபட, ஏழாண்டு கழித்தே ஊர் திரும்புகிறான். மனைவி மெலிந்த உடலோடு விளக்கருகே காத்திருக்கிறாள். இருவரும் பேசி உறங்குகின்றனர். விடியலில் அவன் கண்விழிக்கும்போது கூரை இல்லை. தரையில் புல் முளைத்திருக்கிறது. அவள் இறந்து பல்லாண்டாயிற்று என்று அறிகிறான். அவள் அவனை ஒன்றும் செய்யவில்லை. பொருள்வயிற் பிரிவைப் பாடம் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் எனக்கு இக்கதை நினைவுக்கு வரும். கார்காலம் வந்தும் தலைவன் வாராத பாட்டுகளில் தலைவி ஆற்றியிருப்பாள் என்றே நாம் கொள்கிறோம். ஆற்றாமல் இறந்துபட்டவளின் வீட்டுக்கு அவன் வந்து சேரும் காட்சியை நம் மரபு எழுதவில்லை.

1825இல் சுருயா நன்போக்கு எழுதிய 'யோத்சுயா கைதான்' நாடகம் எதோவின் கபுக்கி அரங்கில் ஏறியது. இயேமோன் என்னும் வறிய சாமுராய்க்கு வளமான வீட்டில் பெண் கொடுக்க முன்வருகின்றனர். அவன் மனைவி ஓயிவாவுக்கு மருந்து என்ற பெயரில் நஞ்சு அனுப்பப்படுகிறது. அவள் முகம் சிதைகிறது. தலைவாரும்போது கற்றை கற்றையாக மயிர் கழன்று விழுகிறது. நம் காலத்து ஜப்பானியத் திரையில் கருங்கூந்தல் முகத்தை மறைக்க, வெள்ளுடையில் வரும் பெண்பேய்கள் அனைத்துக்கும் இவளே மூதாய். இந்நாடகத்தை நடிக்குமுன் ஓயிவாவின் கோயிலுக்குச் சென்று வழிபட்டு வரும் வழக்கம் நடிகரிடையே உண்டு. தாம் எழுதி வைத்த வசனத்துக்குத் தாமே அஞ்சும் கலைஞர்கள்!

மேலைநாட்டார் இக்கதைகளை அறிந்தது லாஃப்காடியோ ஹெர்ன் வழியாக. கிரேக்கத் தீவில் அயர்லாந்துத் தந்தைக்குப் பிறந்து 1890இல் ஜப்பான் வந்து, கொய்சுமி யாக்குமோ என்ற பெயரோடு அந்நாட்டுக் குடிமகனாகவே வாழ்ந்து மறைந்தவர் அவர். மனைவி செத்சு இரவில் சொல்லக் கேட்டு அவர் எழுதிய 'க்வைதான்' 1904இல் வெளிவந்தது. மட்சுவே நகரில் அவர் கேட்டு எழுதிய செய்தி ஒன்று நமக்கு வேண்டும். வெளிறிய பெண்ணொருத்தி இரவுதோறும் கடைக்கு வந்து சிறிதளவு இனிப்புப் பாகு வாங்கிச் செல்கிறாள். பின்தொடர்ந்தால் இடுகாட்டில் மறைகிறாள். கல்லறையைத் திறந்தபோது இறந்த தாயின் அருகே உயிருள்ள குழந்தை கிடக்கிறது. ஊர் ஊராக வழங்கும் இக்கதையின் கிளையாகவே 1930களில் 'இடுகாட்டுக் கிதாரோ' பிறந்தான். தெருமுனையில் மிதிவண்டியை நிறுத்தி, மிட்டாய் விற்று, படத்தாள்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கதை சொல்லும் கமிஷிபாய் என்னும் காகித நாடகமே அவனுக்குத் தாய்வீடு.

போருக்குப் பின் அக்கதையைத் தமதாக்கிக்கொண்டவர் மிசுக்கி ஷிகேரு (1922-2015). சிறுவயதில் ஒரு முதியவள் சொன்ன பூதக்கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்; இரண்டாம் உலகப் போரில் ரபாவுலுக்கு அனுப்பப்பட்டுக் குண்டுவீச்சில் இடக்கையை இழந்தவர். எஞ்சிய ஒரு கையால் அரைநூற்றாண்டுக்கு மேலாக அவர் பேய்களை வரைந்தார். இறந்த தாயின் கல்லறையிலிருந்து வெளியேறும் ஒற்றைக்கண் சிறுவன் 1968இல் 'கெகெகெ நோ கிதாரோ' என்ற பெயரில் தொலைக்காட்சிக்கு வந்தான். இடுகாடு என்ற சொல் தலைப்பிலிருந்து நீக்கப்பட்டது. அச்சம் வேடிக்கையாக மாறியது. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் கூழடும் இடத்தில் நாம் நடுங்குவதில்லை, நகைக்கிறோம் அல்லவா? அதுபோல. பேயைக் குடும்பத்தோடு பார்க்கத்தக்கதாகச் செய்த இந்த மாற்றமே, அசைவூட்டுப் படம் அச்சுறுத்தாது என்ற எண்ணத்தையும் வேரூன்றச் செய்தது.

தொலைக்காட்சி அனிமேயின் மற்றொரு பண்பையும் இங்கே சொல்ல வேண்டும். 1963இல் தெசுக்கா ஒசாமு தம் 'அஸ்ட்ரோ பாய்' தொடரை வாரந்தோறும் வழங்கத் தொடங்கியபோது பணமும் ஆளும் போதவில்லை. நொடிக்கு 24 சட்டங்கள் ஓடினாலும் அத்தனைக்கும் தனித்தனியே படம் வரைய இயலாது. எனவே உருவத்தை நிறுத்திவைத்து வாயை மட்டும் அசைத்தனர். வரைந்ததையே மீண்டும் பயன்படுத்தினர். சிக்கனத்தால் வந்த இந்த அசைவின்மை பிற்காலத்தில் அச்சத்தின் கருவியாகும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

பட்டியல் போடுவோர் பேய்ப்படங்களில் சேர்க்காத ஒரு படத்தை நான் இங்கே வைக்கிறேன். 1983இல் வெளிவந்த 'வெறுங்கால் கென்'. நகசாவா கெயிஜி 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் ஆறு வயதுச் சிறுவன். பள்ளியின் சுவர் மறைத்ததால் உயிர் பிழைத்தார். தந்தை, அக்காள், தம்பி மூவரும் வீட்டின் இடிபாட்டில் மாண்டனர். 1973 முதல் அவர் சித்திரக்கதையாக வரைந்த நினைவே படமாயிற்று. முதற்பகுதியில் உருண்டை முகங்களும் சிறுவர் குறும்புகளும் பசியும் பாட்டும். பிறகு ஒளி. வண்ணங்கள் வெளுக்கின்றன, பலூன் பிடித்துநின்ற சிறுமி உருகுகிறாள். அந்த உருண்டை முகம் உருகுவதால்தான் நம்மால் தாங்க முடிவதில்லை. உண்மை மனிதரை நடிக்கவைத்து எடுத்திருந்தால் ஒப்பனை என்று ஒதுக்கியிருப்போம். இரண்டாம் முறை அக்காட்சியைப் பார்க்க நான் முயன்று, பாதியில் நிறுத்திவிட்டேன்.

அதே ஆண்டில் ஒளிநாடாவுக்கென்றே அனிமே தயாரிக்கும் வழக்கமும் தொடங்கிற்று. தொலைக்காட்சியின் தணிக்கை இல்லை. வெட்டுண்ட உறுப்புகளும் பிதுங்கும் பூதங்களும் நிறைந்தன. கவாஜிரி யோஷியாக்கி போன்ற திறமையாளர் சிலர் இருந்தனர் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நம் இளங்கவிஞர் பார்த்துச் சலித்த இருபதில் பெரும்பான்மை இந்தக் காலத்தின் வாரிசுகளே ஆதலால் விரைந்து கடந்துவிடலாம். அருவருப்பு வேறு, அச்சம் வேறு. இழிவரலையும் அச்சத்தையும் தனித்தனி மெய்ப்பாடுகளாக வைத்தவர்கள் நாம்.

1997இல் சதோஷி கோன் (1963-2010) இயக்கிய 'பெர்ஃபெக்ட் புளூ' திரைவிழாவில் முதலில் காட்டப்பட்டது; மறு ஆண்டு ஜப்பானில் வெளியாயிற்று. மீமா என்னும் இளம்பாடகி பாடுவதை விட்டு நடிகையாகிறாள். பழைய மீமாவையே விரும்பும் இரசிகனுக்கு அது துரோகம். கணினி அறியாத அவள், தன் பெயரில் எவரோ இணையத்தில் நாட்குறிப்பு எழுதுவதைக் காண்கிறாள். முதலில் சிரிக்கிறாள். பிறகு, இரயிலிலிருந்து இறங்கும்போது எந்தக் காலை முதலில் வைத்தாள் என்பதுவரை அதில் எழுதியிருக்கக் கண்டு சிரிப்பு நிற்கிறது. அவள் நடிக்கும் தொடரின் காட்சி, அவள் கனவு, அவள் வாழ்க்கை மூன்றும் ஒன்றுள் ஒன்று நுழைகின்றன. குற்றவாளி யார் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை, அது முக்கியமுமன்று.

மூத்த உறுப்பினருக்கு நான் சொல்ல விரும்பும் விடை இப்படத்தில் இருக்கிறது. நடிகரைக் கொண்டு எடுக்கும் படத்தில் கனவுக்கும் நனவுக்கும் இடையே ஏதேனும் வேறுபாடு கசிந்துவிடும். வரைந்த படத்தில் மீமாவும் கோடு, மீமாவின் மாயையும் கோடு. இரண்டும் ஒரே கையால், ஒரே வண்ணத்தால் ஆனவை. எது மெய் என்று தீர்க்கும் சான்று படத்துக்குள்ளேயே இல்லை. தொல்காப்பியரின் நால்வகையில் இது எங்கும் அடங்காது. தன்னைக் கண்டே தான் அஞ்சும் ஐந்தாவது நிலைக்களன் ஒன்றை இதற்காகச் சேர்க்க வேண்டும்போலும்.

1998இல் வந்த 'சீரியல் எக்ஸ்பெரிமெண்ட்ஸ் லெயின்' தொடருக்கு எழுதியவர் கொனாக்கா சியாக்கி. இவர் 1988இல் 'ஜகன்ரேய்' என்ற ஒளிநாடாப் படத்துக்கும் எழுதியவர். ஜப்பானியப் பேய்ப்படத்தின் புதிய அலைக்கு அப்படமே முன்னோடி என்பர். பேயை முழுதாகக் காட்டாதே என்பது இவர் வழி. 'லெயின்' 13 பகுதிகளில் பேய் என்று சுட்டத்தக்கது அரிது. மாணவி ஒருத்தி இறக்கிறாள். சில நாளில் அவளிடமிருந்து வகுப்புத் தோழியருக்கு மின்னஞ்சல் வருகிறது. தெருவில் மின்கம்பிகள் ரீங்கரித்துக்கொண்டே இருக்கின்றன. கதை மறந்துபோன பின்னும் அந்த ரீங்காரம் மறப்பதில்லை. என் வீட்டு வாசலிலும் மின்மாற்றி ஒன்று உண்டு.

கோன் 2004இல் 'பாரனோயா ஏஜெண்ட்' என்னும் 13 பகுதித் தொடரை உருவாக்கினார். பொன்னிறச் சக்கரக் காலணியும் வளைந்த பேஸ்பால் மட்டையும் கொண்ட சிறுவன் ஒருவன் தோக்கியோவில் மக்களைத் தாக்குகிறான். தாக்கப்பட்டோர் அனைவருக்கும் ஓர் ஒற்றுமை: நெருக்கடியில் மூச்சுத்திணறியவர்கள், தாக்குதலால் ஒருவகை விடுதலை பெறுகின்றனர். அதன் எட்டாம் பகுதியை மட்டும் தனியே எடுத்துப் பார்க்கலாம். இணையத்தில் அறிமுகமான மூவர், ஒரு முதியவர், ஓர் இளைஞர், ஒரு சிறுமி, ஒன்றாக உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு சந்திக்கின்றனர். சிறுமியை அழைத்துச் செல்ல மற்ற இருவருக்கும் மனமில்லை. அவளோ விடாமல் பின்தொடர்கிறாள். இசை துள்ளலாக ஒலிக்கிறது. முயற்சிகள் எல்லாம் கேலிக்கூத்தாய் முடிகின்றன. மூவரும் மெல்ல ஒரு குடும்பமாகின்றனர். நாமும் புன்னகைக்கிறோம். ஓரிடத்தில்தான் தெரிகிறது, அவர்களுக்கு நிழல் விழவில்லை. எப்போது முதல் விழவில்லை? எவரும் அதைப்பற்றிப் பேசுவதில்லை. வரைபடத்தில் நிழல் வெளிச்சத்தால் விழுவதன்று; எவரேனும் வரைந்தால்தான் உண்டு. மலிவான தொடர்களில் நிழல் வரையாமல் விடுவதைப் பார்த்துப் பழகிய கண் இங்கே ஏமாறுகிறது. தெசுக்கா காலத்துச் சிக்கனம் இவ்வாறு அச்சமாகத் திரும்பி வந்தது.

எதோ மரபும் திரும்பி வந்தது. 2006இல் 'அயகாஷி' என்ற தொடர் ஓயிவாவின் கதையை, நன்போக்கே சொல்வதுபோல் அமைத்துக் காட்டியது. அதே தொடரின் மூன்றாம் கதையில் தோன்றிய பெயரற்ற மருந்து வணிகனை வைத்து நகமுரா கென்ஜி 2007இல் இயக்கியதே 'மொனொனோகே'. ஏறத்தாழ இதே பெயரில் 1997இல் மியாசாக்கி எடுத்த புகழ்மிக்க திரைப்படம் வேறு; குழம்ப வேண்டா. 12 பகுதிகள், ஐந்து கதைகள். படம் முழுவதும் கைத்தாளின் இழை தெரியும். பழைய மரச்செதுக்கு ஓவியங்களின் நிறம். வணிகனிடம் வாள் உண்டு. ஆனால் பேயின் வடிவம், நிகழ்ந்த உண்மை, அதற்கான காரணம் என்னும் மூன்றும் வெளிப்படும்வரை அது உறையிலிருந்து வராது. ஆகவே அவன் போரிடுவதைவிடக் கேள்வி கேட்பதே மிகுதி. அங்கிருப்போர் ஒவ்வொருவராகத் தாம் மறைத்ததைச் சொல்ல வேண்டும்.

முதற்கதையைக் கேளுங்கள். மழையிரவில் கருவுற்ற பெண்ணொருத்தி விடுதியில் அடைக்கலம் கேட்கிறாள். அவளைக் கொல்ல ஆள் அனுப்பப்பட்டிருக்கிறது. வயிற்றிலிருப்பது பெரிய வீட்டுப் பிள்ளை. எவருக்கும் தராத அறை அவளுக்குக் கிடைக்கிறது. இரவில் சிறுகுழந்தைகள் தோன்றி விளையாடுகின்றன. 'சஷிகி வராஷி' என்பது வீட்டில் உறையும் குழந்தைத் தெய்வம். அது இருக்கும் வீடு செழிக்கும் என்பது நாட்டார் நம்பிக்கை. யானகிதா குனியோ 1910இல் தொகுத்த தோனோ வட்டாரக் கதைகளிலும் அது இடம்பெறுகிறது. இத்தொடரில் அந்த நம்பிக்கை திருப்பிப் போடப்படுகிறது. அவ்விடுதி முன்பு பரத்தையர் இல்லம். தொழிலுக்கு இடையூறென்று அழிக்கப்பட்ட கருக்களே அக்குழந்தைகள். அந்தச் சுவர்களுக்குள் இருக்கின்றன. வீட்டின் செழிப்புக்குக் காரணம் உண்மையிலேயே அவைதாம். அவை பழிவாங்க வரவில்லை. பிறக்க விரும்புகின்றன, அவ்வளவே. தன் பிள்ளைக்காக உயிரைப் பணயம் வைத்த அந்தப் பெண்ணைத் தாயாகத் தேர்ந்துகொள்கின்றன. சுவரின் முன் அவள் நிற்கும் காட்சியை எழுத்தில் விவரிக்க எனக்குச் சொல் போதவில்லை. சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் இருபதாண்டுக்கு மேலாகக் கற்பித்து வருகிறேன். கணிகையர் வீதியின் ஆடலையும் பாடலையும் அழகையும் எத்தனை முறை விளக்கியிருப்பேன்! அவ்வீடுகளின் சுவர்களைப்பற்றி ஒரு மாணவியும் என்னைக் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

அண்மைக் காலம் பற்றிச் சில சொற்கள். 2013 முதல் வரும் 'யமிஷிபாய்' தெருமுனைக் காகித நாடகத்தை மீட்டுக் கொணர்ந்தது; ஒவ்வொன்றும் ஐந்து நிமிட அளவே. உருவங்கள் வெட்டிய தாள்போல் சற்றே அசைகின்றன. பருவங்கள் பத்தைத் தாண்டிவிட்டன, முதற்பருவம் போதும். இத்தோ ஜுன்ஜியின் 'உசுமாக்கி', சுருள் வடிவத்தின்மேல் ஓர் ஊரே பித்துக்கொள்ளும் கதை, 2024இல் கருப்பு வெள்ளையில் நான்கு பகுதிகளாக வந்தது. முதற்பகுதி வியப்பூட்டியது, அடுத்தவற்றில் தரம் வீழ்ந்தது என்று பலரும் குறைகூறினர். எனக்கு வேறொன்றும் தோன்றியது. இத்தோவின் அச்சம் பக்கம் திருப்புவதில் இருக்கிறது. அடுத்த பக்கத்தில் ஏதோ உண்டு என்று அறிந்தும் வாசகர் தம் கையாலேயே திருப்புகிறார். திரையில் அந்த உடன்பாடு கேட்கப்படுவதில்லை. சீர் எங்கே முறிகிறது என்று கவலைப்படும் கவிஞர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிதாரோவும் பழைய இடுகாட்டுக்கே மீண்டான். 2023இல் வந்த திரைப்படம் அவன் பிறப்புக்கு முந்திய கதையை 1956ஆம் ஆண்டில் நிறுத்துகிறது. போரிலிருந்து மீண்ட ஒருவன் மலையூர்ச் செல்வக் குடும்பமொன்றின் வீட்டுக்குப் போகிறான். அக்குடும்பத்தின் செல்வமும், நாட்டின் புதிய வளமும் எவர் உடலிலிருந்து உறிஞ்சப்பட்டன என்பதைக் காண்கிறான். ரபாவுலில் கையை இழந்த மிசுக்கி மறைந்து எட்டாண்டுக்குப் பின் அவர் பேய்களுக்குப் பல் முளைத்திருக்கிறது.

இளங்கவிஞருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: 'மொனொனோகே' முதல் இரு பகுதிகள், 'பெர்ஃபெக்ட் புளூ', 'யமிஷிபாய்' முதற்பருவம். 'வெறுங்கால் கென்' படத்தை எழுதி, அடித்து, மறுபடியும் எழுதினேன். மூத்த உறுப்பினரிடம் 'பாரனோயா ஏஜெண்ட்' எட்டாம் பகுதியை மட்டும் கொடுத்து, கதையைப்பற்றி ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். பத்து நாள் கழித்து இரவில் தொலைபேசியில் அழைத்தார். "நிழல் எந்த இடத்திலிருந்து இல்லை, டாக்டர்?" என்று கேட்டார். சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இன்னொரு முறை பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார்.